இரண்டாவது ஓட்டை

சைக்கிள் டியூபைத் தண்ணீரிலிருந்து நான் வெளியே எடுத்தேன். பஞ்சர் பார்க்க வந்தவர் அதைப் பிடுங்கி மறுபடியும் தண்ணீருக்குள் அமுக்கினார். எங்கள் பழக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது.

திண்டுக்கல்லில் ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரியில் நான் சைக்கிள் கடை போட்ட புதிது. நாலு வாடகை சைக்கிள், காற்றடிக்க ஒரு பம்பு, பஞ்சர் பார்க்க ஒரு தகரத் தொட்டி. இவ்வளவுதான் கடை. ஆத்தூரில் கத்தரிக்காய்க்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவன், தொழிலை யாரிடமும் கற்றுக்கொள்ளாமல் நானே பிரித்துப் பிரித்து மாட்டிப் பழகியிருந்தேன். அந்தத் திமிரும் கொஞ்சம் உண்டு.

"ஓட்டைதான் கிடைச்சிருச்சே, குமிழி வருது பாருங்க" என்றேன்.

"கிடைச்சது ஒண்ணு அப்பு. மிச்ச டியூபை யாரு பாக்குறது, உங்க மாமனா?"

மாமன் பேச்சு எடுத்த கோபத்தில் டியூபைச் சுற்றிச் சுற்றி அமுக்கினேன். வால்வுக்குப் பக்கத்தில் மூன்று விரற்கடை தள்ளி, கடுகு அளவில் ஒரு குமிழி கிளம்பியது. செத்த நேரம் கழித்து இன்னொன்று. அவர் சிரிக்கவில்லை. "நாந்தான் சொன்னேனே" என்றும் சொல்லவில்லை.

"ஒரு ஓட்டை கிடைச்சதும் மனுசன் தேடுறத விட்டுர்றான். ரெண்டாவது ஓட்டை அந்த முதல் ஓட்டைக்குப் பொறவாலதான் ஒளிஞ்சிக்கிட்டு இருக்கும். ஒண்ணு கிடைச்சதும் கையக் கழுவிராத" என்றார்.

அவர் எதிரே இருந்த ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுக் கட்டுகிற வேலை. ஊரே டிரஸ்ஸர் என்றுதான் கூப்பிட்டது, நானும் டிரஸ்ஸரய்யா என்றே பத்துப் பன்னிரண்டு வருடத்தை ஓட்டிவிட்டேன். பேரைக் கேட்டு வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. ஒல்லியான ஆள். அரைக்கைச் சட்டை. கிட்டே வந்தால் டிஞ்சரும் வெற்றிலையும் கலந்த ஒரு வாசம் வரும். சட்டைப் பையில் கட்டைவிரல் தண்டிக்கு ஒரு பித்தளைச் சுண்ணாம்பு டப்பி. விரல்கள் மட்டும் எப்போதும் சோப்பு நீரில் ஊறி வெளுத்துக் கிடக்கும். தெரிந்தவர் வீட்டு விசேஷத்தில் பந்தி முடிந்து எல்லோரும் கை கழுவப் போவார்கள். இவர் இலையை ஒருதரம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

வீட்டில் ஒருநாள் எலி வளையைக் கண்டுபிடித்து, கண்ணாடிச் சில்லும் மண்ணும் வைத்து அடைத்திருக்கிறார். அதோடு விட்டாரா? வந்த எலிக்குப் போகிற வழி ஒன்று இருக்க வேண்டுமே என்று கடப்பாரையை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுச் சுவர் நெடுக நோண்டியிருக்கிறார். இரண்டாவது வளையும் கிடைத்தது, சுவரும் விழுந்தது. அவர் மனைவி என் கடை வாசலில் நின்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "எலி தின்னது போக மிச்சத்தையாச்சும் இம்புட்டு நாளா ஆக்கித் தின்னோம். இப்ப ஆக்குறதுக்கே இடமில்ல. எங்க வீட்டுக்காரவுகளுக்கு ஒரு ஓட்டை பத்தாது தம்பி."

அவர்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனாலும் இதே கதைதானாம். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்து, சாமியாரும் மன்னிப்பைச் சொல்லி அனுப்பப் பார்ப்பார். இவர் முழங்காலை எடுக்காமல், "செத்த இருங்க சாமி, இன்னொண்ணு இருக்கும், யோசிச்சுக்கிறேன்" என்பாராம். பின்னால் நிற்கிற வரிசை முணுமுணுக்கும். இதை எனக்குச் சொன்னவர் அந்த வரிசையில் நின்று கால் கடுத்தவர்.

எல்லாம் சிரிப்பாகவே முடிந்ததா என்றால் இல்லை. ஒருதடவை ஆபரேஷன் முடிந்த ஒரு பெரியவரின் வயிற்றுக்குள் வேறு என்னமோ இருக்கிறது என்று டிரஸ்ஸர் அடித்துச் சொல்லியிருக்கிறார். பெரிய டாக்டரும் அவர் பேச்சை மதித்துத் தையலைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை. "இனிமே உன் சந்தேகத்தை உன் கட்டோட நிறுத்திக்க. இன்னொரு தடவை இப்படி நடந்தா இந்த ஆஸ்பத்திரியில உனக்கு வேலை கிடையாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதை என்னிடம் சொன்ன அன்று டிரஸ்ஸர் வெற்றிலை போடவில்லை. "டாக்டர் வஞ்சது பெரிசில்ல அப்பு. அந்த மனுசனுக்கு ஒரே இடத்துல ரெண்டு தரம் வலி. என்னால" என்றார்.

இது நடந்து ஒரு வருடம் இருக்கும். என் அக்காவை அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

அக்காவை ஆத்தூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தது. சாப்பிட்டு எழுந்தால் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொள்ளும், சுருண்டு படுத்துவிடுவாள். பித்தப்பையில் கல் என்றார் டாக்டர். வயிற்றைத் திறந்து பையையே எடுத்துவிட்டார். உள்ளே நீர் கோத்தால் வடியட்டும் என்று ஓரத்தில் ஒரு ரப்பர் குழாய் வைத்திருந்தார்கள். மூன்று நாளும் அதில் ஒன்றும் பெரிதாக வராததால் அதையும் எடுத்துவிட்டார்கள்.

நாலாம் நாள் காலை கட்டுப் பிரித்த நர்ஸ் அலறிவிட்டார். அக்காவின் வயிறு முழுக்க மஞ்சள்.

அக்காவின் மாமியார் செய்த வேலை அது. ஊர் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு, கோயில் மஞ்சள் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து, யாரும் பார்க்காத நேரத்தில் கட்டை விலக்கிவிட்டு மருமகள் வயிற்றில் தடவியிருக்கிறார். கேட்டதும் ஒளிக்காமல் ஒத்துக்கொண்டார். "ஆமா, தடவுனேன். ஆத்தா மஞ்சள். அது அவளை என்ன செஞ்சிரும்?"

பெரிய டாக்டர் வார்டு அதிரச் சத்தம் போட்டார். அந்த அம்மாவை வார்டுக்குள் விடக்கூடாது என்று உத்தரவு ஆனது. அவர் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். வயிற்றைத் துடைத்துப் புதுக்கட்டுப் போட்டார்கள். மறுநாள் அந்தக் கட்டிலும் மஞ்சள். அதற்கு மறுநாளும். "தோல்ல ஊறிருச்சு, மஞ்சள் லேசுல போகுமா" என்றார் நர்ஸ். டாக்டரும் அப்படித்தான் நினைத்தார். நானும்தான். காரணம் கையில் இருக்கிறதே, வேறு என்ன வேண்டும்? அக்காவுக்குக் காய்ச்சல் அடித்தது. விக்கல் நிற்கவில்லை. அழுக்கு மஞ்சளைத் தடவியதால் புண் சீழ் கோத்திருக்கும் என்றார்கள். அதற்கும் அந்த அம்மாவையே சொன்னார்கள்.

பெண்கள் வார்டில் கட்டுக் கட்டுவது நர்ஸ்கள்தான், டிரஸ்ஸருக்கு அங்கே வேலை இல்லை. அதனால் சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தவரிடம் இதை ஒரு வேடிக்கை மாதிரி நான்தான் சொன்னேன். வெற்றிலைக்கு நரம்பு கிள்ளிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"மஞ்சள் பூசி எத்தனை நாளாச்சு?"

"மூணு நாளு."

"தொடச்சாகளா?"

"தொடச்சுத் தொடச்சுத் தோலே பேந்துபோச்சு."

"வலி எங்கனக்குள்ள?"

"வயித்துல இருக்கு. என்னமோ வலது தோள்பட்டையும் வலிக்குதுங்குறா. படுத்தே கிடக்காள்ல, அதனால இருக்கும்."

வெற்றிலையை மடித்தபடியே பைக்குள் போட்டுக்கொண்டார். "தோளா?" என்று ஒரு கேள்வி. சைக்கிளைக் கடையிலேயே விட்டுவிட்டு ரோட்டைக் கடந்து போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

வார்டு வாசலில் நின்று நர்ஸிடம் கேட்டு, அன்று பிரித்த கட்டுத் துணியை ஒரு தட்டில் வாங்கினார். சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எங்களுக்கு எல்லாம் ஒரே மஞ்சள்தான். சுண்ணாம்பு டப்பியைத் திறந்து, துளி தண்ணீர் விட்டுக் குழைத்து, துணியின் ஒரு ஓரத்தில் தொட்டு வைத்தார். கண் இமைக்கும் நேரத்தில் அந்த இடம் குங்குமம் மாதிரிச் சிவந்தது. கல்யாண வீட்டில் ஆரத்தி கரைக்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்த சங்கதிதானே, மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது.

"பாத்தீங்களா, மஞ்சள்தான்" என்றார் நர்ஸ்.

"இது மஞ்சள்தாம்மா. இது ஒண்ணு." துணியைத் திருப்பினார். குழாய் எடுத்த ஓட்டைக்கு நேராக இருந்த இடத்தில் சுண்ணாம்பைத் தொட்டு வைத்தார். நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். அது சிவக்கவில்லை. மஞ்சளாகவே கிடந்தது. உற்றுப் பார்த்தால் ஓரம் பச்சை தட்டியிருந்தது. இன்னும் நாலு இடத்தில் வைத்துப் பார்த்தார். துணியின் விளிம்பெல்லாம் சிவந்தது, நடுவில் மட்டும் சிவக்கவே இல்லை.

"மாதாவே" என்றார் மெதுவாக. "பித்தநீர். உள்ள எங்கயோ கசியுது. வெளிய வாரது கொஞ்சம். மிச்சம் அம்புட்டும் வயித்துக்குள்ள தேங்குது. அது ஈரலுக்கு மேல ஏறி உறுத்துனா வலி தோள்லதான் தெரியும்."

அடுத்து என்ன என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெரிய டாக்டரிடம் போக வேண்டும். போன வருடத்து எச்சரிக்கை அப்படியே இருந்தது. அந்த நீண்ட நடையில் அவர் ஒருதரம் நின்றார். கையிலிருந்த தட்டைப் பார்த்தார். "தப்பாப் போனா உங்க அக்காளுக்கும் ரெண்டு தரம் வலி அப்பு" என்றார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அறைக்கு வெளியே நின்ற எனக்கு உள்ளே பேசியது கேட்டது.

"மஞ்சள் பூசினதை அந்தம்மாவே ஒத்துக்கிட்டாங்களேப்பா. இன்னும் உனக்கு என்ன சந்தேகம்?"

"அவுக பூசுனது உண்மை சார். இது அவுக பூசாதது."

"சுண்ணாம்பை வச்சு எனக்கு வைத்தியம் சொல்ல வந்திட்டியா?"

"நான் சொல்லலை சார். துணி சொல்லுது. நீங்களே ஒருதரம் தொட்டு வச்சுப் பாருங்க."

தட்டை மேசையில் இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு நாற்காலி நகரும் ஓசை. டாக்டர் வெளியே வந்தபோது அவர் ஆள்காட்டி விரல் நுனியில் சுண்ணாம்பு இருந்தது. என்னைப் பார்க்காமலே அக்காவின் வார்டுக்குள் போனார். விலாவுக்குக் கீழே கையை வைத்து அமுக்கியதும் அக்கா கத்திய கத்து வராந்தா வரைக்கும் கேட்டது. அன்று மத்தியானமே மறுபடி தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள்.

அந்த நேரத்தில் டிரஸ்ஸர் எங்கே இருந்தார் தெரியுமா? வேப்பமரத்தடியில். அந்த அம்மா மூன்று நாளாகப் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் பல்லில் படாமல், "நாந்தான் கொன்னேன், எம் மருமகளை நாந்தான் கொன்னேன்" என்று தலையில் அடித்துக்கொண்டிருந்தார். டிரஸ்ஸர் அவர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து துணியை விரித்தார்.

"ஆத்தா, ஆரத்தி கரைச்சிருக்கீகளா?"

"கரைக்காம?"

"அப்ப இதப் பாருங்க. இந்தச் செவப்பு உங்க மஞ்சள். நல்லாப் பாத்துக்கங்க. இந்தா, நடுவுல செவக்காம நிக்குதே, இது உங்களோடது இல்ல. இது உள்ள இருந்து வந்தது. நீங்க பூசலைன்னாலும் இது வந்திருக்கும்."

அந்த அம்மா துணியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். விரலால் சிவப்பைத் தொட்டார், பிறகு நடுவைத் தொட்டார். "இது எங்க மஞ்சள் இல்லையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் டிரஸ்ஸர் புதிதாகக் கேட்கிற மாதிரியே, "இல்ல ஆத்தா" என்றார். கடைசியில் டிரஸ்ஸர் பையிலிருந்து ஒரு வெற்றிலை கைமாறியது. மூன்று நாளைக்குப் பிறகு அந்த அம்மா வாயில் போட்டது அதுதான்.

உள்ளே இரண்டு செம்புக்கு மேல் பித்தநீர் தேங்கிக் கிடந்தது. முதல் ஆபரேஷனில் பித்தக்குழாயைக் கட்டிய நூல் நழுவியிருந்தது. மறுபடி கட்டி, புதுக்குழாய் வைத்து, கட்டிலுக்குக் கீழே ஒரு பாட்டிலில் விட்டார்கள். இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்று டாக்டர் டிரஸ்ஸரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு என்னிடம் சொன்னார். பெண்கள் வார்டில் அந்த ஒரு கட்டு மட்டும் இனி இவர்தான் கட்டுவார் என்று நர்ஸிடமும் சொன்னார். டாக்டருடைய வருத்தமும் நன்றியும் அவ்வளவுதான், அது போதும்.

பாட்டிலின் மேல் காகிதம் ஒட்டி, தினமும் நீர் ஏறுகிற மட்டத்தைக் கோடு போட்டார் டிரஸ்ஸர். கோடு நாளுக்கு நாள் கீழே இறங்கியது. ஒருநாள் பாட்டில் காய்ந்து கிடந்தது. அக்கா முகத்தில் சிரிப்பு. அவரோ கட்டைப் பிரித்துப் பார்த்தார், முதுகுப்பக்கம் விரிப்பைப் பார்த்தார், கண்ணின் வெள்ளையைப் பார்த்தார், தோள் வலிக்கிறதா என்று கேட்டார். மறுநாள் வந்து திரும்பவும் அத்தனையும் பார்த்தார். அதற்கப்புறம்தான், "இப்பக் கையக் கழுவலாம்" என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனார்.

அக்காவை ஆத்தூருக்குக் கூட்டிப்போன அன்று அவரையும் விடவில்லை. வாசலில் மாமியார் ஆரத்தித் தட்டோடு நின்றார். தட்டில் மஞ்சள் தண்ணீர்தான் இருந்தது. "டிரஸ்ஸரு தம்பி, உங்க சுண்ணாம்பப் போடுங்க" என்றார். டப்பியைத் திறந்து அவர் போட, தட்டு முழுக்கச் சிவந்தது. அக்காவுக்குச் சுற்றியதும் தட்டைக் கீழே வைப்பார் என்று பார்த்தால், டிரஸ்ஸருக்கும் சுற்ற வந்தார். "நான் வேதக்காரன் ஆத்தா" என்று அவர் பின்வாங்கினார். "மஞ்சளுக்கு வேதம் என்ன தெரியும், நில்லுங்க" என்று அதட்டி மூன்று சுற்றுச் சுற்றிப் பொட்டும் வைத்துவிட்டார். திண்டுக்கல் திரும்புகிறவரை பஸ்ஸில் அவர் அந்தப் பொட்டை அழிக்கவில்லை. "சாமியார்கிட்டச் சொல்ல இன்னொண்ணு கிடைச்சிருச்சு" என்று மட்டும் சொன்னார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சேவுகம்பட்டிப் பக்கம் மகள் வீட்டோடு போய்விட்டார். நான் ஒருதரம் போய்ப் பார்த்தேன். அடுத்துப் போகலாம் போகலாம் என்றிருந்து, அடக்கமெல்லாம் முடிந்த பிறகுதான் அவர் இறந்த சேதி வந்தது.

நாற்பது வருடம் கழித்து அக்காவுக்கு வந்த கல் எனக்கும் வந்தது. எங்கள் வீட்டுச் சொத்து அதுதான். இப்போது வயிற்றைக் கிழிப்பதில்லை, நாலு துளை போட்டு எடுத்துவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் எனக்கு வலது தோள்பட்டை வலித்தது. யாருக்கும் சொல்வதற்கு முன்னால் அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் "தோளா?" என்றாள். அதே குரல் மாதிரி இருந்தது. மறுநாள் காலையில் மதுரை ஆஸ்பத்திரியில் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள்.

வயிற்றுக்குள் நீர் கோத்திருப்பது ஒரு படத்தில் தெரிந்துவிட்டது. அது ரத்தமா, வெறும் நீரா, பித்தநீரா என்பதுதான் தெரிய வேண்டும் என்றார்கள். அதற்கு ஒரு ஸ்கேன். கதிர் வீசுகிற மருந்து துளியூண்டு கைநரம்பில் ஏற்றினார்கள். அதைக் கல்லீரல் உறிஞ்சிப் பித்தநீரோடு சேர்த்து வெளியே விடுமாம். பித்தம் எந்த வழியில் போகிறதோ அந்த வழியெல்லாம் மருந்தும் போகும், மேலே தொங்குகிற காமிரா அதைப் படம் பிடிக்கும். ஒரு மணி நேரம் அசையாமல் படுத்திருந்தேன். நான் தொட்டிக்குள் அமுக்கிய டியூப்களை எல்லாம் நினைத்துக்கொண்டேன். இப்போது என்னை அமுக்கியிருக்கிறார்கள், குமிழிக்குக் காத்திருக்கிறார்கள்.

முடிந்ததும் அங்கிருந்த இளைஞர் அக்காவையும் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். கல்லீரல் கறுப்பாகத் தெரிந்தது. அதிலிருந்து குடலுக்கு ஒரு கோடு இறங்கியது. கோட்டுக்கு வெளியே, இருக்கக்கூடாத இடத்தில், கட்டுத் துணியில் கறை பரவுகிற மாதிரி ஒரு திட்டு.

"இதுதான் ஐயா. பித்தநீர்தான். இந்த இடத்துல கசியுது. வாய் வழியாவே உள்ள போய் ஒரு குழாய் வச்சுச் சரிபண்ணிருவாங்க, பயப்படாதீங்க" என்றார்.

நான் எழுந்து சட்டையை மாட்டினேன். "அப்ப நாங்க வாரோம் தம்பி."

"எங்க போறீங்க? இன்னும் மூணு மணி நேரம் கழிச்சு இன்னொரு படம் எடுக்கணும்."

"அதான் தெரிஞ்சிருச்சே?"

"தெரிஞ்சது ஒண்ணு ஐயா. வேற எங்கயும் மெதுவாக் கசியுதான்னு பாக்க வேண்டாமா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்காமல் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் அந்தப் பையன் கையைப் பிடித்து, "உங்கப்பன் ஆத்தா நல்லாயிருக்கணும் சாமி" என்றாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மூன்று மணி நேரமும் நாங்கள் அந்தப் பெஞ்சை விட்டு நகரவில்லை. இரண்டாவது படமும் எடுத்தார்கள். அந்த ஒரு திட்டைத் தவிர வேறு எங்கும் ஒன்றும் இல்லை என்றார் அந்த இளைஞர். அக்கா அவரை இன்னொருதரம் திரையைப் போடச் சொல்லி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஏலே, இப்பக் கையக் கழுவலாம்" என்றாள்.